அமெரிக்கத் தொழில் வளர்ச்சி: இயந்திரம் முந்தியதா, பாதை முந்தியதா?

பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின் இயந்திரம், நீராவிப் படகு, ஈரி கால்வாய், ரயில் என்று பாடநூல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. இவற்றால் அமெரிக்கா தொழில் நாடாயிற்று என்று முடித்துவிடுகிறது. ஆனால் இவற்றுள் எது எதற்குக் காரணம், ஒன்று இல்லாதிருந்தால் மற்றவை நடந்திருக்குமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பிணைந்திருக்கின்றன. கண்டுபிடிப்பும் போக்குவரத்தும் ஒன்றையொன்று எப்படி நகர்த்தின என்பது முதலாவது. அதற்குச் சான்றுகளோடு பதில் சொல்ல முடியும். இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இரண்டாவது. அதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொருளாதார வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன். 1790 முதல் உள்நாட்டுப் போருக்கு முந்தைய 1860 வரையிலான காலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குப் பின் வந்த எஃகு, எண்ணெய், மின்சாரக் காலம் தனிக் கதை.

முதலில் அந்த நாடு எந்த நிலையில் தொடங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். 1790இல் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அட்லாண்டிக் கரையை ஒட்டியே வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மேற்கே அப்பலாச்சிய மலைத்தொடர் சுவர்போல் நீண்டு கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து 3,000 மைல் கடல் கடந்து ஒரு டன் சரக்கைக் கொண்டுவர ஏறத்தாழ 9 டாலர் ஆகிறது, அதே தொகைக்கு உள்நாட்டுச் சாலையில் அந்தச் சரக்கை 30 மைல்தான் நகர்த்த முடிகிறது என்று 1816இல் செனட் குழு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. என் பார்வையில் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஒஹாயோ பள்ளத்தாக்கில் கோதுமை விளைவித்தவர் அதை மூட்டையாகக் கிழக்கே அனுப்பினால் வண்டிக்கூலியே விலையை விழுங்கிவிடும். ஆகவே தானியத்தை விஸ்கியாகக் காய்ச்சியோ பன்றிக்குத் தீனியாகப் போட்டோதான் விற்க முடிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் ஒரு நாளில் பத்து மடங்கு மாவரைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தாலும், அந்த மாவை வாங்க ஆள் வேண்டுமே. டெலவேரில் ஆலிவர் எவன்ஸ் 1780களிலேயே தானியத்தைத் தானே மேலேற்றி, அரைத்து, ஆறவைத்து, சலித்துத் தரும் மாவாலையை வடிவமைத்திருந்தார். அதை விரைந்து மேற்கொண்டவை கப்பல் தொடும் தூரத்தில் இருந்த ஆலைகளே.

இரண்டாவதாக உறுதியாகச் சொல்லத்தக்கது, தொடக்கத்தின் முக்கியமான இயந்திரங்கள் அமெரிக்காவில் பிறந்தவை அல்ல என்பது. நெசவு இயந்திரங்களையோ அவற்றின் வரைபடங்களையோ வெளியே கொண்டுபோவதையும், கைதேர்ந்த தொழிலாளர் நாட்டைவிட்டுப் போவதையும் பிரிட்டன் சட்டத்தால் தடுத்திருந்தது. டெர்பிஷயரில் ஜெடடையா ஸ்ட்ரட்டின் ஆலையில் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் தம் தொழிலை மறைத்துக் கப்பலேறினார். ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் மோசஸ் பிரவுன் என்ற வணிகரிடம் சேர்ந்து, ஆர்க்ரைட் முறை நூற்பு இயந்திரங்களை நினைவிலிருந்தே கட்டி, 1790 டிசம்பரில் நீர்விசையால் ஓட்டினார். அவருடைய முதல் தொழிலாளர்கள் 7 முதல் 12 வயது வரையிலான சிறுவர் சிறுமியர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்லேட்டர் தனியாக இதைச் செய்யவில்லை. அவ்வூரின் கொல்லர் குடும்பமான வில்கின்சன்கள் இரும்பு வேலைகளைச் செய்து கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தின் டேவிட் வில்கின்சன் 1798இல் திருகாணி கடையும் லேத் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தத் தொடர்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பாஸ்டன் வணிகர் ஃபிரான்சிஸ் கபோட் லோவெல் பிரிட்டனுக்குப் போய் விசைத்தறிகளைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு திரும்பினார். பால் மூடி என்ற கைவினைஞரின் துணையோடு அதை மீண்டும் உருவாக்கினார். 1814 வாக்கில் வால்த்தமில் பஞ்சு நுழைந்து துணியாக வெளிவரும் வரை எல்லா வேலைகளும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. அவர் 1817இல் இறந்தபின், அவருடைய கூட்டாளிகள் மெரிமாக் ஆற்றின் அருவியருகே அவர் பெயரிலேயே எழுப்பிய நகரம்தான் லோவெல்.

இந்த ஆலைகளை நிலைநிறுத்தியது இயந்திரம் மட்டும் அன்று. 1807இன் வணிகத் தடையும் 1812இன் போரும் பிரிட்டிஷ் துணியை வெளியே நிறுத்தி, உள்நாட்டு ஆலைகளுக்கு இடம் கொடுத்தன. போர் முடிந்ததும் மலிவான துணி மீண்டும் வந்து குவிந்தபோது, 1816ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் எந்தப் பருத்தித் துணியானாலும் சதுர கஜம் குறைந்தது 25 சென்ட் விலையுடையது என்று வைத்துக்கொண்டே வரி போட்டது. உண்மையில் அதைவிடப் பல மடங்கு மலிவாக இருந்த துணி எங்கிருந்து வந்தது என்றால், இந்தியாவிலிருந்து. கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய கைத்தறி முரட்டுத் துணிதான் அந்த விதியால் அமெரிக்கச் சந்தையை முதலில் இழந்தது. லோவெல் குழுவினர் நெய்ததும் அதே வகைத் துணிதான், அந்த விதிக்காக வாஷிங்டனில் வாதாடியவரும் லோவெல்தான். நம் நாட்டு வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

இனிப் பாதைகள். மத்திய அரசு சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் பணம் தர வழிசெய்த மசோதாவை, அரசியலமைப்பில் அதற்கு அதிகாரம் இல்லை என்று 1817 மார்ச்சில் அதிபர் மேடிசன் தடுத்துவிட்டார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று நியூயார்க் மாநிலம், ஆளுநர் டெ விட் கிளிண்டனின் உறுதியால், தன் சொந்தக் கடனில் ஈரி கால்வாயை வெட்டத் தொடங்கியது. ஹட்சன் ஆற்றங்கரை ஆல்பனியிலிருந்து ஈரி ஏரிக்கரை பஃபலோ வரை 363 மைல். மேல் அகலம் 40 அடி, ஆழம் 4 அடி. படகுகளை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் லாக் என்ற மதகுத் தொட்டிகள் 83. செலவு ஏறத்தாழ 70 லட்சம் டாலர். அப்பலாச்சியத் தொடரில் மோஹாக் ஆறு திறந்துவைத்த இடைவெளி வழியே போனதால்தான் இது இயன்றது. அந்த இயற்கை வாய்ப்பு மற்ற மாநிலங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தாழ்நிலம் ஹோடனோசோனி என்ற பூர்வகுடி மக்களுடையது என்பதும், அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிந்தைய ஒப்பந்தங்கள் வழியே அவர்களிடமிருந்து அது எடுக்கப்பட்டது என்பதும் பாடநூல்களில் பெரும்பாலும் விடுபடுகின்றன.

ஈரி கால்வாயைப் போக்குவரத்து என்ற தலைப்பின்கீழ் மட்டும் வைத்துப் படிப்பது பெரிய குறை என்பது என் கருத்து. அது கண்டுபிடிப்புகளின் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. வேலை தொடங்கியபோது இத்தகைய பெரிய கால்வாயை வெட்டிய அனுபவமுள்ள பொறியாளர் நாட்டில் எவரும் இல்லை. தலைமையேற்ற பெஞ்சமின் ரைட் நில அளவையும் வழக்குகளும் பார்த்தவர். அவருடைய உதவியாளர் கான்வஸ் வைட் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள கால்வாய்களை நடந்தே பார்த்து வந்தார். பின்னர், நியூயார்க் மாநிலத்திலேயே கிடைத்த ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து நீருக்கடியிலும் இறுகும் சிமெண்டு செய்யலாம் என்று கண்டறிந்தார். மதகுத் தொட்டிகளின் கற்சுவர்கள் நின்றது அதனால்தான். மரங்களை வேரோடு சாய்க்கவும் அடிக்கட்டைகளைப் பிடுங்கவும் பொறிகள் அங்கேயே உருவாயின. கால்வாய் வேலையில் தொழில் கற்ற பொறியாளர்கள் பின்னர் மற்றக் கால்வாய்களுக்கும் ரயில்பாதைகளுக்கும் போனார்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஜெர்விஸ் 1832இல் ரயில் என்ஜினின் முன்பக்கத்தில் வளைவுக்கேற்பத் திரும்பும் நான்கு சக்கர வண்டியைப் பொருத்தினார், கூர்மையான வளைவுகள் நிறைந்த அமெரிக்கப் பாதைகளில் என்ஜின் தடம்புரளாமல் ஓட அது வழிசெய்தது.

1825 அக்டோபரில் கால்வாய் முழுவதும் திறந்தது. பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் அனுப்ப ஏறத்தாழ 100 டாலராக இருந்த கூலி 10 டாலர் அளவுக்கு இறங்கியது. 20 நாள் பயணம் அதில் பாதிக்கும் குறைவானது. வழியில் இருந்த ராச்செஸ்டர் அருவி விசையால் மாவாலை நகரமாகி, 1830 கணக்கெடுப்பில் 9,000 பேரைத் தாண்டியது. கால்வாய்க்காக வாங்கிய கடன் படகுகள் செலுத்திய சுங்க வருமானத்திலேயே சில ஆண்டுகளில் அடைந்துவிட்டது. இதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கடன் பத்திரங்களை விற்று வெட்டத் தொடங்கின. அங்கேதான் கதை மாறுகிறது. பென்சில்வேனியா தன் கால்வாயை மலைக்கு மேலே கொண்டுபோக முடியாமல், பத்துச் சாய்தளங்களில் படகுகளையே கயிறு கட்டி இழுத்து ஏற்றும் ஒரு பாதையை 1834இல் அமைத்தது. பார்க்க வியப்பான பொறியியல். ஆனால் அது போட்ட முதலைத் திருப்பித் தரவில்லை. 1837இன் நிதி நெருக்கடிக்குப்பின், 1840களின் தொடக்கத்தில் எட்டு மாநிலங்களும் ஃபுளோரிடா பிரதேசமும் வட்டி கட்ட முடியாமல் நின்றன. அவற்றில் பென்சில்வேனியாவும் இண்டியானாவும் இல்லினாயும் உண்டு. கால்வாய் வெட்டினால் வளர்ச்சி வந்துவிடும் என்ற எளிய சூத்திரத்தை அந்தக் கடன்கள் மறுக்கின்றன.

ஆயினும் ஒரு பாதை தொழிலுக்குச் செய்த உதவியை அதன் லாப நட்டத்தைக்கொண்டு மட்டும் அளக்க முடியாது. கிழக்குப் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கெட்டியான, புகை குறைந்த அந்தக் கரி மலைக்குள் கிடந்தது. லீஹை, ஸ்கூல்கில் ஆறுகளை ஒட்டிய கால்வாய்கள் 1820களில் அமைந்தபிறகே அது கடற்கரை நகரங்களுக்கு மலிவாக வந்தது. அதைக்கொண்டு இரும்பு உருக்கும் முறையை வேல்ஸிலிருந்து அழைத்துவரப்பட்ட டேவிட் தாமஸ் 1840இல் லீஹைப் பள்ளத்தாக்கில் வணிக அளவில் வெற்றிபெறச் செய்தார். கால்வாய் கரியைக் கொண்டுவந்தது, கரி இரும்பை மலிவாக்கியது, இரும்பு இயந்திரங்களுக்கும் தண்டவாளங்களுக்கும் போயிற்று. நீர்விசை கிடைக்கும் அருவிகளை விட்டுத் துறைமுக நகரங்களில் நீராவியால் ஆலை ஓட்டுவது அதன்பின்தான் கட்டுப்படியாயிற்று. ஆனால் நீராவி வந்ததும் நீர்ச்சக்கரம் நின்றுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 1870 கணக்கெடுப்பிலும் ஆலைகளின் விசையில் ஏறத்தாழ பாதி நீரிலிருந்தே வந்தது.

பாதை திறந்தால் கண்டுபிடிப்பு பெருகுமா என்பதற்கு நேரடியான சான்று உண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்டு. கென்னத் சோகோலாஃப் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1790 முதல் 1846 வரையிலான காப்புரிமைப் பதிவுகளை மாவட்டவாரியாக ஆராய்ந்தார். படகு செல்லும் நீர்வழி எட்டிய மாவட்டங்களில், அது வந்தபிறகு, காப்புரிமைகள் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருப்பதையும், புதிதாகக் கண்டுபிடித்தவர்களில் பலர் தனிப் பயிற்சியற்ற சாதாரணத் தொழிலாளரும் விவசாயிகளும் என்பதையும் அவர் காட்டினார். சந்தை அகன்றதும், வேலையை மிச்சப்படுத்தும் ஒரு சிறு மாற்றமும் பணமாகும் என்ற எதிர்பார்ப்பு ஊர்ப்பட்டறைவரை போய்ச் சேர்ந்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சட்டமும் அதற்குத் துணைநின்றது. 1793 சட்டத்தின்படி அமெரிக்கக் காப்புரிமைக்குக் கட்டணம் 30 டாலர். அதே காலத்தில் இங்கிலாந்தில் 100 பவுண்டுக்கு மேல் ஆகும். 1836இல் தேர்ந்த ஆய்வாளர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சோதித்துப் பார்த்து வழங்கும் முறை வந்தது. 1790இல் வழங்கப்பட்டவை 3. 1860இல் ஓராண்டிலேயே 4,000க்கும் மேல். பின்னாளில் அதிபரான ஆபிரகாம் லிங்கனும் மணல்திட்டில் தட்டிய படகை மேலே மிதக்கவைக்கும் ஒரு கருவிக்கு 1849இல் காப்புரிமை பெற்றவர்தான்.

ஜின் இயந்திரத்தைச் செய்த எலி விட்னியைப் பற்றிப் பாடநூல்கள் சொல்வதில் ஒரு பகுதியைத் திருத்தியாக வேண்டும். துப்பாக்கியின் உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும்படி செய்யும் முறையை அவர் தொடங்கிவைத்தார் என்று எழுதுகிறார்கள். 1798இல் அவர் அரசிடம் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் பெற்றார். இரண்டு ஆண்டில் தருவதாகச் சொன்னவை 1809இல்தான் முழுமையாக வந்து சேர்ந்தன. 1801இல் தலைவர்கள் முன் உறுப்புகளை மாற்றிப் பொருத்திக் காட்டினார் என்பது உண்மையே; ஆனால் எஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளைச் சோதித்தவர்கள், உறுப்புகள் உண்மையில் அப்படி மாறிப் பொருந்தவில்லை என்று கண்டிருக்கிறார்கள். அந்த எண்ணமும் அவருடையது அன்று. ஃபிரான்சில் ஒனோரே பிளாங்க் அதற்கு முன்பே அதைச் செய்துகாட்டியிருந்தார். அமெரிக்காவில் அதைச் சாதித்தவர்கள் பெயர் அதிகம் அறியப்படாதவர்கள்: ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் 1820களில் ஜான் ஹால், கனெக்டிகட்டில் சிமியன் நார்த், துப்பாக்கியின் ஒழுங்கற்ற மரக்கட்டையை மாதிரியைப் பின்பற்றிக் கடையும் லேத்தை ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலைக்குத் தந்த தாமஸ் பிளாஞ்சர்டு. இது மலிவான முறையாகவும் தொடங்கவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் அளவுமானிகளில் வைத்துப் பார்ப்பதற்கு ஆன செலவை, போர்க்களத்திலேயே துப்பாக்கியைப் பழுதுபார்க்க விரும்பிய அரசு பொறுமையாக ஏற்றது. 1851இல் லண்டன் கண்காட்சியில் வெர்மாண்டின் ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் நிறுவனத் துப்பாக்கிகளைக் கண்ட பிரிட்டன், சில ஆண்டுகளில் தன் என்ஃபீல்டு ஆயுதச்சாலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வாங்கியது. ஒரு காலத்தில் தன் இயந்திரங்களைச் சட்டம்போட்டுக் காத்த நாடு வாங்கும் நிலைக்கு வந்தது, ஸ்லேட்டர் கப்பலேறி 65 ஆண்டுகளில். அதேவேளை, இந்த முறை உடனே எல்லாத் தொழிலுக்கும் பரவிவிட்டது என்ற கூற்றை நம்ப வேண்டாம். சிங்கர் தையல் இயந்திரங்களும் மெக்கார்மிக்கின் கதிர் அறுக்கும் இயந்திரங்களும் 1870களிலும் அரத்தால் ராவிப் பொருத்தப்பட்டவையே.

அப்படியானால் ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்குத் திறமை எவ்வழியே சென்றது? இயந்திரப் பட்டறைகள் வழியே. வில்கின்சனின் பட்டறையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். லோவெல் நகரில் தறிகளைச் செய்துகொண்டிருந்த பட்டறை, 1835இல் பாஸ்டனுக்கு ரயில்பாதை திறந்த வேளையில் ரயில் என்ஜின்களையும் கட்டத் தொடங்கியது. ஃபிலடெல்ஃபியாவில் நகை வேலையில் தொடங்கித் துணிக்கு அச்சிடும் உருளைகள் செய்துவந்த மத்தியாஸ் பால்ட்வின் 1832இல் தம் முதல் பெரிய என்ஜினை ஓட்டினார்; அவர் நிறுவனம் பின்னர் உலகின் பெரிய என்ஜின் ஆலைகளுள் ஒன்றாயிற்று. உலோகத்தைத் துளையிடவும் கடையவும் இழைக்கவும் தெரிந்த கைகளுக்கு, செய்வது தறியா துப்பாக்கியா என்ஜினா என்பது இரண்டாம் பட்சம். வளர்ச்சியின் உள்விசை எங்கே இருந்தது என்று ஒரே இடத்தைக் காட்டச் சொன்னால் நான் இந்தப் பட்டறைகளைத்தான் காட்டுவேன்.

நீராவிப் படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ராபர்ட் ஃபுல்டனின் படகு 1807 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு 150 மைலை 32 மணி நேரத்தில் கடந்தது. அதன் என்ஜின் இங்கிலாந்தின் போல்டன் அண்டு வாட் செய்தது. ஜான் ஃபிட்ச் அதற்கு முன்பே 1790இல் டெலவேர் ஆற்றில் நீராவிப் படகில் பயணிகளை ஏற்றிச் சென்று, பணமின்றி நின்றுபோனவர். படகின் பெரிய பயன் மிசிசிப்பியில் தெரிந்தது, ஏனென்றால் அங்கே நீரோட்டத்தோடு இறங்குவது எப்போதும் எளிது, எதிர்த்து ஏறுவதுதான் மாதக்கணக்கில் நீண்டது. 1824இல் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நியூயார்க் நீர்வழியில் இருந்த தனியுரிமையை உடைத்தது, மாநில எல்லை தாண்டிய படகுத் தொழில் போட்டிக்குத் திறந்தது.

ரயிலுக்கு வந்தால் உங்கள் இரண்டாம் கேள்வி நேரடியாக எழுகிறது. 1830இல் நாட்டில் இருந்தது 23 மைல் பாதை. 1860இல் 30,000 மைலுக்கு மேல். குளிர்காலத்தில் கால்வாய் உறைந்தபோதும் ரயில் ஓடியது. சிகாகோ இவ்வளவு விரைவில் வளர்ந்தது அதனால்தான். ஆனால் ரயில் இல்லாவிட்டால் அமெரிக்க வளர்ச்சியே இல்லை என்ற பழைய முடிவை 1964இல் ராபர்ட் ஃபோகல் கணக்கிட்டு மறுத்தார். 1890ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு, அதே வேளாண் சரக்கைக் கால்வாயிலும் வண்டியிலும் அனுப்பியிருந்தால் கூடியிருக்கும் செலவு தேசிய உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு என்றார். இந்தக் கணக்கு சரக்கை நகர்த்தும் செலவை மட்டும் அளக்கிறது, ரயில் மாற்றிய மற்றவற்றை அளக்கவில்லை என்று மறுத்தவர்கள் பலர். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்: எந்த ஒரு பாதையும் இன்றியமையாதது அன்று என்பதை ஃபோகல் நிறுவிவிட்டார் என்று கருதுகிறேன், ஆனால் 1850கள்வரை பெருமளவு தண்டவாளம் பிரிட்டனிலிருந்தே வந்ததால் ரயில் அமெரிக்க இரும்புத் தொழிலை உடனே தூக்கிநிறுத்தியது என்பதைவிட, பட்டறைகளையும் மேலாண்மை முறைகளையும் தந்திவழிச் செய்தியையும் வளர்த்தது என்பதே வலுவான வாதம்.

ஜின் இயந்திரம் இல்லாதிருந்தால் என்ற கேள்விக்கு வருகிறேன். இதுதான் மிகுந்த பொறுப்போடு பேச வேண்டியது. நீண்ட இழைப் பருத்திக்கு இந்தியாவின் சர்க்காவைப் போன்ற உருளைப் பொறிகள் ஏற்கெனவே இருந்தன. கடற்கரையைவிட்டு உட்பகுதி நிலங்களில் எளிதில் விளையும் குறுகிய இழைப் பருத்தியில்தான் கொட்டை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. விட்னி 1793இல் ஜார்ஜியாவில் கம்பிப் பற்கள் பஞ்சை மெல்லிய இடைவெளி வழியே இழுக்க, கொட்டை பின்னால் தங்கிவிடும் பொறியைச் செய்தார். அவர் தங்கியிருந்த தோட்டத்தின் உரிமையாளர் கேத்தரின் கிரீனின் பங்கு எவ்வளவு என்பது சான்றின்றிப் பேசப்படுவது. 1796லேயே ஹாட்ஜன் ஹோம்ஸ் ரம்பப்பல் வைத்த சிறந்த பொறிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார் என்பதால், விட்னி இல்லாவிட்டாலும் சில ஆண்டுகளில் ஜின் வந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். அது வந்ததால் நடந்ததில் ஐயமே இல்லை. 1790இல் சில ஆயிரம் பொதியாக இருந்த பருத்தி 1860இல் 40 லட்சம் பொதி அளவுக்கு ஏறியது. அதே காலத்தில் அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் தொகை ஏறத்தாழ 7 லட்சத்திலிருந்து 39 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது 1808இல் தடைசெய்யப்பட்டபின், ஏறத்தாழ 10 லட்சம் பேர் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டும் விற்கப்பட்டும் தெற்கின் புதிய பருத்தி நிலங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். மனித உழைப்பை மிச்சப்படுத்திய ஓர் இயந்திரம் லட்சக்கணக்கானோரின் உழைப்பையும் வாழ்வையும் பறிப்பதற்குக் கருவியாயிற்று. மிசிசிப்பியின் நீராவிப் படகுகள் பருத்தியையும் ஏற்றின, அந்த மனிதர்களையும் ஏற்றின.

1860இல் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி என்பதும், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் ஆலைகள் அடிமைகள் பறித்த பஞ்சையே நூற்றன என்பதும், அந்த ஆலைகளின் முரட்டுத் துணியில் ஒரு பகுதி அதே தோட்டங்களுக்கு அடிமைகளின் உடையாகத் திரும்பிப் போயிற்று என்பதும் உறுதியானவை. இதிலிருந்து, வடக்கின் முழுத் தொழில் வளர்ச்சியும் பருத்தியால் வந்தது என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். வடக்கின் ஆலைகள் பெரும்பாலும் வடக்கின் விவசாயிகளுக்கும் நகரங்களுக்குமே விற்றன, ஆகவே பங்கு குறைவு என்று மற்றவர்கள் மறுக்கிறார்கள். காலணி, கடிகாரம், கோடரி, கலப்பை போன்ற தொழில்கள் எந்தச் சந்தையில் நின்றன என்று பார்த்தால் இரண்டாம் தரப்பின் வாதம் வலுவானது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பெரிய முதலோடு ஒரே கூரையின்கீழ் ஓடிய ஆலை என்ற வடிவமே முதலில் பருத்தித் துணியில்தான் வந்தது. அந்தப் பஞ்சை யார் பறித்தார்கள் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு லோவெலைப் பற்றி எழுதுவது அரைகுறை வரலாறு.